வலையைக் கழுவினீர்களா?

(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



கோடை தொடங்கினதும் அநேக வீடுகளில் ஏசி ஓட ஆரம்பித்துவிடும். அதை ஆடம்பரம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். 1840-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்னும் மருத்துவர், காய்ச்சல்காரர் படுத்திருந்த அறைகளைக் குளிர்விக்கவே பனிக்கட்டி இயந்திரம் ஒன்றை உண்டாக்க முயன்றார். 1851-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

நாங்கள் வார்டுகளைச் சந்திக்கும்போது, மூச்சிரைப்புள்ள பிள்ளைகளின் தாய்மாரிடம், "பிள்ளை படுக்கும் அறையில் ஏசி உண்டா அம்மா? அதன் வலையைக் கழுவி எத்தனை நாளாயிற்று?" என்று விசாரிப்பதுண்டு. "அதற்குள் வலை இருக்கிறதா, ஐயா?" என்று கேட்பவர்களும் உண்டு.

இருக்கிறது. வீட்டிலுள்ள ஸ்பிலிட் ஏசி பொதுவாக வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறது. அந்தக் காற்றிலுள்ள தூசியும் பஞ்சும் முடியும் வலையில் தங்கும். வலை அடைத்துக்கொண்டால் காற்று குறையும். உள்ளே பனி கட்டி, தண்ணீர் சொட்டும். அழுக்கும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளரும். இளைப்பு உள்ளவர்களுக்கு இவை ஆகாது. மின்கட்டணமும் ஏறும். அடைபட்ட ஃபில்டரை மாற்றினால் ஏசியின் மின்செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லியிருக்கிறது.

செய்யவேண்டியது எளிது. சுவிட்சை அணைத்துவிட்டு முன்மூடியைத் தூக்குங்கள். வலையை மெதுவாக உருவி, குழாய்த் தண்ணீரில் பின்பக்கமிருந்து கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். கிழிந்திருந்தால் புதிது மாற்றுங்கள். இளைப்புள்ளவர் இந்த வேலையைச் செய்யாமல் வேறொருவர் செய்யட்டும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் எழுதுங்கள். அங்கே பல வீடுகளில் வெப்பமும் குளிர்ச்சியும் ஒரே குழாய்வழியாக வருகின்றன. அதிலுள்ள ஒரு அங்குல மடிப்பு ஃபில்டரைக் கழுவக்கூடாது; ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்றவேண்டும். அதன் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டவேண்டும்.

இன்னொரு காரியம். அறுவை அரங்குகளில் பொருத்தப்படும் ஹெபா ஃபில்டர், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலும் 99.97 சதவீதத்தைத் தடுக்கும். வீட்டு வலை அப்படிப்பட்டதல்ல. புகை அதில் நிற்காது. ஆகையால் ஏசி அறையைப் பூட்டிக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் ஏற்றாதீர்கள். காலையில் சற்றுநேரம் ஜன்னலைத் திறந்துவையுங்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை, வலை சுத்தமாயிற்று என்று நிறுத்திவிடாதீர்கள்.

காலண்டரில் 1-ம் தேதியையும் 15-ம் தேதியையும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர் யாராவது இருந்தால், நாற்காலியில் ஏறி அந்த வலையை எடுக்க அவரால் முடியாது. உங்கள் வாலிபப் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள்.