மாதிரி ஐ.நா. சபையில் எப்போது, எப்படிப் பேசுவது?

(நம் நலச்சங்கக் கூட்டத்தில் மாணவர்களுக்காக ஆற்றிய உரை)



‘எம்.யு.என்.’ எனப்படும் மாதிரி ஐ.நா. சபைக்குப் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகளே, “இங்கிலீஷ் சரளமா வராதே” என்ற பயம் உங்களில் பலருக்கு இருக்கும். வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஊர் இது, பயம் இயல்புதான். ஆனால் அந்தச் சபையில் தீர்மானம் எழுதுவது அதிகம் பேசுபவர் அல்ல. எந்தக் கட்டத்தில் எந்த வேலை என்று தெரிந்தவர்.

முதல் கட்டம், பேச்சாளர் பட்டியல். 30 நாடுகள், ஆளுக்கு 90 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கே 45 நிமிடம். மறுபடி வாய்ப்பு வருவது சந்தேகம். எனவே வரலாறு சொல்லிக்கொண்டிராமல், உங்கள் நாட்டுக்கு என்ன வேண்டும் என்பதை மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, ‘மாடரேட்டட் காக்கஸ்’. தலைப்பு, மொத்த நேரம், ஆளுக்கு எவ்வளவு நேரம் என்று ஒருவர் முன்மொழிய, சபை வாக்களிக்கும். 10 நிமிடத்தில் ஆளுக்கு 1 நிமிடம் என்றால் 10 பேர்தான் பேச முடியும். ஆகவே தலைப்பைச் சுருக்குங்கள். ‘அணு ஆயுதம்’ என்றால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ‘சோதனை நடக்கவில்லை என்று யார் சரிபார்ப்பது?’ என்று கேட்டால் பதில் வரும்.

நம் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியை நினைத்துப் பாருங்கள். 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். உலகத்துச் சண்டை எல்லாவற்றையும் அவர் கையில் எடுக்கவில்லை. அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்பதே முக்கியக் கோரிக்கை.

மூன்றாவது, ‘அன்மாடரேட்டட் காக்கஸ்’. எல்லோரும் எழுந்து கூடிப் பேசும் நேரம். கூச்சப்படும் பிள்ளைகளே, இது உங்கள் நேரம்! பேனாவும் தாளும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் சொல்வதைப் பிரிவு பிரிவாக எழுதிக் காட்டுங்கள். அதுவே வரைவுத் தீர்மானமாக வளரும்.

ஒரு பிரிவில் முட்டிக்கொண்டால் அதை ஒதுக்கி வைத்து, ஒத்துப்போவதை முடியுங்கள். நிலத்தடிச் சோதனையை எப்படிச் சரிபார்ப்பது என்பதில் அமெரிக்காவும் சோவியத் நாடும் உடன்படவில்லை. அதை விட்டுவிட்டு, வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி ஆகிய மூன்றில் மட்டும் சோதனையைத் தடை செய்து, பிரிட்டனும் சேர 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்திட்டார்கள். முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வண்டி நிறுத்துமிடம், குப்பை, தண்ணீர் என்று நம் குடியிருப்புப் பிரச்சினை ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து, இந்த மூன்று கட்டங்களையும் வீட்டில் முதலில் தமிழிலேயே நடத்திப் பாருங்கள். முறை பழகிவிட்டால் மொழி பின்னாலேயே வரும்.