தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நிற்க

வளப்பூர் நாடு போன்ற மலைச்சரிவில் மோட்டார் பள்ளத்தில், தொட்டி மேட்டில் என்றால், நிறைந்ததைப் பார்த்து இறங்குவதற்குள் தண்ணீர் வீண்.

தொட்டியில் மிதவை சுவிட்சோடு சிறு வயர்லெஸ் கருவி வைக்கலாம். அலை இருந்தால் ஒன்று, நின்றால் பூஜ்யம்; இப்படித் துடிப்பாகவே செய்தி போகும். 865–867 மெகாஹெர்ட்ஸில், குறிப்பிட்ட சக்திக்குள் இயங்கும் கருவிக்கு 2005 முதல் உரிமம் வேண்டாம். ஏரியல் கம்பி சுமார் 8.6 சென்டிமீட்டர், நீளமா இருந்தா நல்லதுன்னு நீட்டிடாதீங்க.

அலை வராதபோதும் ரிசீவர் வெறும் இரைச்சலைத் துடிப்பாக எடுத்துக்கொள்ளும். அதனால் அடையாள எண்ணோடு மும்முறை அனுப்பி, மூன்றும் ஒத்தால்தான் ஏற்கணும்.

"நிறுத்து" என்று மட்டும் சொல்லும் கருவி ஆகாது. "ஓடலாம்" என்பது நிமிடத்துக்கொரு தரம் வரட்டும். பாறை மறைத்தோ, இலை நனைந்தோ, பேட்டரி தீர்ந்தோ மூன்று நிமிடம் வராவிட்டால் ரிலே மோட்டாரை நிறுத்திவிடும்.