பந்தும் பாடமும்

ஐதராபாத் நகரின் வடகிழக்கே மல்லாபூர் என்பதோர் ஊர் உளது. முன்னாளில் நகரின் புறத்தே ஒதுங்கிக் கிடந்த சிற்றூர். இந்நாளில் தொழிற்பேட்டையும் அடுக்கு மாடி வீடுகளும் சூழ நிற்பது. மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றும் நாம் குடியிருப்பது இவ்வூரிலேதான். வாரத்தில் ஐந்து நாளும் சுற்றறிக்கைகளோடும் ஆணைகளோடும் போராடிய பின்னர், ஓய்வு நாளின் மாலையில் நாம் நாடிச் செல்வது கோயிலுமன்று, கொட்டகையுமன்று. மாணவர்கள் கால்பந்து ஆடும் மைதானமே. நாற்பதைக் கடந்தவர்க்கு இஃதென்ன பித்து என்று இல்லத்தார் நகைப்பதுண்டு. அந்தப் பித்தைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகின்றோம்.

மல்லாபூரிலிருந்து நாச்சாரம், ஹப்சிகூடா வழியாகத் தார்நாகா சென்றால், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் எல்லை தொடங்கிவிடும். 1918ஆம் ஆண்டில் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் நிறுவிய கலைக்கோயில் அது. அதன் கலைக்கல்லூரிக் கட்டடத்தைப் படத்திலேனும் காணாதவர் இந்நகரில் இரார். ஆனால் அந்தக் கல்வி நிலையம் நாட்டுக்கு அளித்த கொடைகளுள் ஒன்று புல்தரையில் விளைந்தது என்பதை அறிந்தவர் சிலரே.

சையத் அப்துல் ரஹீம் என்ற பெயரை நேயர்களிற் சிலர் கேட்டிருக்கலாம். 1909ஆம் ஆண்டில் பிறந்தவர். உஸ்மானியாவில் பயின்று கலைப் பட்டம் பெற்றவர். பயிலும்போதே பல்கலைக்கழக அணியில் ஆடியவர். பட்டம் பெற்றபின் பள்ளிக்கூட ஆசிரியரானார். காலையில் கரும்பலகை, மாலையில் கால்பந்து என்று வாழ்ந்த இந்த ஆசிரியரே பிற்காலத்தில் ஐதராபாத் நகரப் போலீஸ் அணியையும், 1950 முதல் இந்திய அணியையும் பயிற்றுவித்தார்.

அவர் கைபட்டதால் விளைந்ததைக் கேளுங்கள். 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பை பம்பாயிலிருந்து ஐதராபாத்துக்கே வந்தது. 1951இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்தில் தங்கம் வென்றது. 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றுத் தலைகுனிந்ததும் உண்மையே. ஆயின் அதே அணி நான்கே ஆண்டுகளில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என வென்று, ஒலிம்பிக் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் மீண்டும் ஆசியத் தங்கம். அப்பொழுது ரஹீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11ஆம் நாள் அவர் மறைந்தார். நம் நாட்டு ஆடவர் அணி அதன் பின்னர் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கத்தைக் கண்டதேயில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட உரிமை ஒன்று உண்டு. ஜகார்த்தாவில் இறுதி ஆட்டத்தன்று இந்தியாவின் கோல் வாயிலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். பிறந்தது இந்நகரில், படையிற் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் வளர்ந்தவர். அந்த அணியின் முன்வரிசையில் சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி ஆகியோரோடு மூவராக நின்று புகழ் பெற்றவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில், பிழைப்புக்காகக் குடியேறிய எளிய தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெரு நாட்டிற்கு எதிராக ஒரு கோல் அடித்தவர். 2023 பிப்ரவரியில் காலமானார். அம்முகூடாவிலிருந்து பயிற்சிக்கு வர வாடகைச் சைக்கிளுக்குக் காசில்லை என்று இளம் பலராம் தயங்கினாராம். அந்தக் காசை ரஹீமே தந்து வரச் செய்தார் என்று சொல்வார்கள். ஒரு ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து வந்த சில்லறை, ரோமாபுரி வரை உருண்டது பாருங்கள்!

இத்துணைப் பெருமையுள்ள நகரில் இன்று மாணவர் ஆட்டம் எவ்வாறு நடைபெறுகின்றது? ஏதேனும் ஒரு மைதானத்தை மனத்திற் கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். பிற்பகல் மூன்று மணி. தக்காணத்து வெயில் பாறையையும் பிளக்கும். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருக்கும். அமர நிழல் கிடையாது. வேப்பமரம் ஒன்றிருந்தால் அதுவே நமக்கு அரங்கம். பார்ப்போர் நாற்பது பேர். அவருள் முப்பதின்மர் ஆடுவோரின் அறைத் தோழர்கள், எஞ்சியோர் நம்மைப் போன்ற பித்தர்கள். இடைவேளையில் எதிர்ச்சாரி இரானி ஓட்டலில் ஒரு தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும். மறுபடியும் வேப்பமரம். ஆட்டம் முடிந்ததும் வென்றவனும் தோற்றவனும் ஒரே குழாயில் வாய்வைத்து நீர் குடிப்பார்கள். அந்தக் காட்சி ஒன்றுக்காகவே நாம் எத்தனை வெயிலையும் பொறுப்போம்.

அமெரிக்க நாட்டில் பல்கலைக்கழகங்களின் ஆட்டம் பெருந்திருவிழா. 1869இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரு கல்லூரிகள் தம்முள் ஆடியதிலிருந்து தொடங்கிய மரபு அது. அவர்களுடையது கையாலும் பந்தைத் தூக்கி ஓடும் வேறுவகை ஆட்டம். எனினும் திருவிழா திருவிழாவே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒருங்கே அமர்வர். பழைய மாணவர் குடும்பத்தோடு வருவர். வாத்தியக் குழு முழங்கும். அத்துணைப் பணமும் ஆரவாரமும் நமக்கு வேண்டுவதில்லை. பணம் மிகுந்தால் பாடம் மெலியும் என்று அந்நாட்டாரே கவலைப்படுகின்றனர். ஆனால் ஒன்று கற்கலாம்: தம் கல்லூரி ஆடுகின்றது என்றால் தாமே ஆடுவதாக அவர்கள் எண்ணுகிறார்கள். நம்மவர்க்கோ, அடுத்த தெருவில் ஆட்டம் நடப்பதே தெரிவதில்லை.

நாம் உலகெங்கும் ஆடும் கால்பந்தின் விதிகளும் மாணவர்களிடமிருந்தே உருப்பெறத் தொடங்கின. 1848இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள், பள்ளிக்கொரு விதியாக ஆடிவந்த குழப்பம் நீங்க, ஒன்றுகூடி விதிகள் வகுத்தார்கள். ஆகவே பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்து அயலான விருந்தாளியன்று. அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளை.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கிடையே ஆண்டுதோறும் மண்டலப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. தென் மண்டலத்து அணிகள் ஓரிடத்தே கூடும். அவற்றுள் வென்றவை அகில இந்தியப் பந்தயம் செல்லும். ஏற்பாடு நல்லதே. ஆயினும் பொதுவாக நாம் காணும் குறை, பந்தயம் நெருங்கிய பின்னரே பயிற்சி முகாம் கூட்டுவது. சில வாரங்களில் பதினொருவரைத் திரட்டலாம்; அணியை ஆக்க முடியாது. இரண்டு நாள் ரெயிலில் உட்கார்ந்து சென்று, ஒரே ஆட்டத்தில் தோற்று, மீண்டும் இரண்டு நாள் ரெயிலில் திரும்பும் பிள்ளைகளை நாம் அறிவோம். ரஹீமின் வழி வேறு. இடக்கால் பழக வேண்டுமென்று இடக்காலால் மட்டுமே ஆடும் பந்தயங்களை வைத்தவர் அவர். ஒரே தொடுதலில் பந்தை நண்பனுக்கு அனுப்பும் பழக்கத்தை ஆண்டு முழுதும் ஊட்டியவர். பொறுமையாக விதைத்தமையால் அறுத்தார்.

இனி, இந்தப் பேச்சுக்கு உண்மைக் காரணமான செய்தியைச் சொல்லிவிடுகின்றோம். அது நம்மீதே நாம் சுமத்தும் குற்றச்சாட்டு.

நம் தெருவில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த கடைசல் தொழிலாளர் ஒருவர் வாழ்கின்றார். தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறையில் வேலை. அவருக்கு இரு புதல்வர். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவில், மூத்த மகனை அழைத்துக்கொண்டு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். பையன் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகியிருந்தான். பந்தயமோ தொலைவில், அதே நாட்களில் அவன் கல்லூரியில் தேர்வு. வருகைப் பதிவிலும் குறை நேரும் என்று கல்லூரியில் எச்சரித்திருந்தார்கள்.

“சார், நாலும் படித்தவர் நீங்கள். நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும். இவனை அனுப்பலாமா?” என்று கேட்டார் தந்தை.

நாம் சிறிதும் தயங்கவில்லை. “பந்து சோறு போடாது, அண்ணாச்சி. தேர்வை எழுதச் சொல்லுங்கள்” என்றோம். அறிவுரை கூறிவிட்ட நிறைவோடு அன்றிரவு நன்றாக உறங்கவும் செய்தோம்.

பையன் மறுசொல் பேசவில்லை. தேர்வெழுதினான், தேறினான். இன்று ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதுகின்றான். கெட்டுப்போகவில்லை, குறையென்று எவரும் சொல்ல இயலாது. ஆனால் அதற்குப் பின் அவன் எந்த அணியிலும் ஆடவில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நம் தெருவுக்குப் பின்னேயுள்ள வெற்று மனையில் சிறுவர் கூச்சல் கேட்டுச் சென்று பார்த்தோம். அந்தப் பையன் பத்துப் பதினைந்து சிறுவரை வைத்துக்கொண்டு பந்து பழக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவன் வலக்காலிலும் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது. “இஃது எதற்கு?” என்று வினவினோம். “கட்டிய காலால் தொடக்கூடாது மாமா. இடக்கால் பழகட்டும் என்றுதான்” என்றான்.

நாம் அவனுக்கு ரஹீமின் கதையைச் சொன்னோம். அந்நாள் வரையில் அவன் அப்பெயரைக் கேட்டதில்லை. உஸ்மானியாவில் கலைப் பட்டம் பெற்றவர், பள்ளி ஆசிரியர் என்று சொன்னபோது, அவன் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு, “அப்படியானால் அவர் இரண்டையும் செய்தாரா, மாமா?” என்று கேட்டான்.

அன்பர்களே! அந்தக் கேள்வியில் சினம் இல்லை, பழி இல்லை. ஆயினும் அதற்குரிய விடை நம் நாவில் எழவில்லை. இரண்டையும் செய்யலாம் என்பதற்கு இந்நகரமே சான்றாக நிற்க, பந்தா பாடமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர் நாம். நாம் கற்ற கலைப் பட்டம் நமக்கு அந்த ஒரு சிறு வழியைக்கூடக் காட்டவில்லை. ஊரைவிட்டு வந்தவர்களாகிய நமக்கு ஓர் அச்சம் உண்டு. பிள்ளைகள் நிலையான வேலையில் அமர்ந்தாலன்றி அயலூரில் வேர் பிடியாது என்ற அச்சம். அந்த அச்சத்துக்கு நாம் அறிவு என்று பெயரிட்டுவிட்டோம். அம்முகூடாவிலிருந்த அத்தமிழ்க் குடும்பத்துக்கும் அந்த அச்சம் இருந்திருக்குமல்லவா? அவர்கள் நம்மைப் போன்ற ஒருவரிடம் யோசனை கேட்டிருந்தால் பலராம் என்னாகியிருப்பார்?

இவ்வாண்டு அதே தந்தை மீண்டும் நம் வாயிலில் வந்து நின்றார். இம்முறை இளைய மகனுக்குத் தேர்வு கிடைத்திருக்கின்றது. அதே போல் நாட்கள் மோதுகின்றன. “சென்ற முறை போலவே சொல்லிவிடுங்கள் சார்” என்றார் அவர், நம்மை முழுதும் நம்பி.

நாம் அவரை உட்காரச் செய்தோம். காகிதம் எடுத்து, கல்லூரி முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தோம். பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடச் செல்லும் நாட்களை வருகையாகக் கொள்ளவும், தவறிய தேர்வைப் பின்னர் எழுத இசைவு தரவும் வேண்டினோம். பல பல்கலைக்கழகங்களின் விதிகளிலேயே இதற்கு இடமுண்டு. கேட்பார் இல்லாமையால் பயன்படாமல் கிடக்கின்றது. இருபது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை மொழிபெயர்த்திருக்கின்றோம். ஒருவர் பொருட்டு நாமே மனமார எழுதியது இதுவே முதன்முறை. தந்தை தம் ஒப்பத்தை இடுமுன் கையைத் துடைத்துக்கொண்டார். விரலிடுக்கில் பட்டறை எண்ணெய் இருந்தது.

விடை இன்னும் வரவில்லை. வருவதற்குள் வேறொன்று செய்யலாம் என்று எண்ணி, நம் அலுவலக நண்பர் நால்வரையும் அவர்தம் குழந்தைகளையும் வருகின்ற ஆட்டத்துக்கு அழைத்திருக்கின்றோம். ஒரு குடம் மோரும் ஏற்பாடாகியிருக்கின்றது. பார்ப்போர் நாற்பது என்பது ஐம்பதாகட்டும்.

நீங்கள் பூனாவில் இருக்கலாம். போபாலில், கல்கத்தாவில், ஜாம்ஷெட்பூரில் இருக்கலாம். உங்கள் வீட்டருகிலும் ஒரு மைதானம் இருக்கும். அங்கும் பாதி அழிந்த கோட்டினுள் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு மாலை சென்று அமருங்கள். யாருடைய பிள்ளை என்று கேளாமல் கைதட்டுங்கள். உங்கள் வாயிலில் ஒரு தந்தை வந்து நின்றால், விடை கூறுமுன் அவரை உட்காரச் சொல்லுங்கள்.