தோற்ற கட்சி தலைவரை மாற்றவேண்டுமா?

(தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தேர்தலில் தோற்ற கட்சி தன் தலைவரை மாற்றவேண்டுமா என்னும் வினாவை இன்று எனக்குத் தந்துள்ளீர்கள். ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் திண்ணையிலும் தேநீர்க்கடையிலும் இரு குரல்கள் எழுகின்றன. 'தலைவரை மாற்று' என்பது ஒன்று. 'தலைவரைக் கேட்க நீ யார்?' என்பது மற்றொன்று. முன்னது சினத்தில் பிறந்தது. பின்னது அடிமையுணர்வில் பிறந்தது. இரண்டும் ஆராய்ந்து எழுந்தவை அல்ல.

நான் முன்னாளில் பணியாற்றிய பள்ளியொன்றில், பத்தாம் வகுப்புத் தேர்வில் மாணவர் பலர் தவறினர். உடனே தலைமையாசிரியரை மாற்றினார்கள். அடுத்த ஆண்டும் அதே விளைவுதான். கணக்காசிரியர் இடம் ஓராண்டுக்கு மேலாக வெறுமையாய்க் கிடந்ததை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை! நோய் ஓரிடத்தில், மருந்து வேறிடத்தில்!

கட்சிகளும் இவ்வாறே பிழைபடுவதற்குப் பிரித்தானிய நாட்டின் பழமைபேண் கட்சி நல்ல எடுத்துக்காட்டு. அதன் கொள்கை நமக்கு உடன்பாடன்று; ஆயினும் அதன் பட்டறிவு நமக்குப் பயன்படும்.

1945-இல், போரில் வென்ற சர்ச்சில் தேர்தலில் தோற்றார். தொழிற்கட்சி 393 இடங்களைப் பெற்றது. இந்திய விடுதலையை எதிர்த்த அவர்மீது நமக்குப் பற்றில்லை. ஆனால் அதன்பின் நடந்ததைப் பாருங்கள். கட்சி அவரை மாற்றவில்லை; தன்னை மாற்றிக்கொண்டது. ஊல்டன் என்பார் கட்சியமைப்பைச் செப்பனிட்டார். பட்லர் என்பார் 1947-இல் தொழில்துறைக்குப் புதிய கொள்கையறிக்கை வகுத்தார். 1950-இல் மீண்டும் தோற்றும் கட்சி கலையவில்லை; 1951-இல் 321 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது.

அதே கட்சி 1997-இல் 165 இடங்களுக்கு வீழ்ந்தது. உடனே தலைவரை மாற்றியது. 2001-இல் கிடைத்தவை எத்தனை? 166! நான்காண்டு உழைப்பின் ஊதியம் ஒரேயோர் இடம்! மீண்டும் தலைவரை மாற்றியது. அவரையும் ஒரு பொதுத்தேர்தலைக்கூடக் காணவிடாமல் 2003-இல் இறக்கியது. 2005-இல் மூன்றாமவரும் தோற்றார். முகங்கள் மாறின, போக்கு மாறவில்லை. போக்கும் மாறிய பின்னரே, 2010-இல் கூட்டாட்சி அமைக்க முடிந்தது.

அங்ஙனமாயின் தலைவரை மாற்றவே கூடாதா? அவ்வாறும் நான் கூறேன். 1966-இல் ஒருமுறையும் 1974-இல் இருமுறையும் தோற்ற எட்வர்டு ஈத்து, தலைமையை விட்டு விலக மனங்கொள்ளவில்லை. 1975-இல் உறுப்பினர்களே தேர்ந்தனர். 119 பேர் அவர் பக்கமும் 130 பேர் தாட்சர் அம்மையார் பக்கமும் நின்றனர். ஈத்து விலகினார்; அடுத்த சுற்றில் அம்மையார் தலைவரானார். அவரோடு கட்சியின் பொருளியல் கொள்கையும் மாறியது. 1979-இல் ஆட்சி கிட்டியது. அக்கொள்கை நன்றா தீதா என்பது வேறு வழக்கு. தலைவரை மாற்றும் வழி கட்சிக்குள்ளேயே திறந்திருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

நம் மண்ணிலும் சான்றுண்டு. 1962-இல் அறிஞர் அண்ணா காஞ்சியில் தோற்றார். அவர் கட்சியோ 50 இடங்களில் வென்றது. தலைவரின் தோல்வி கட்சியின் தோல்வியாகவில்லை. அவரையே தலைவராகக் கொண்டு 1967-இல் அக்கட்சி ஆட்சியமைத்தது.

ஆகலின் என் முடிபு இது: தோற்ற தலைவர், பிறர் கேட்குமுன் தாமே தம் விலகல் மடலைப் பொதுக்குழுவின் முன் வைத்தல் வேண்டும். பொதுக்குழு, ஆளைப் பற்றிப் பேசுமுன் தோல்வியின் கரணியத்தை ஆராய்தல் வேண்டும். குறை கொள்கையில் இருந்தால் கொள்கையைத் திருத்துக. அமைப்பில் இருந்தால் அமைப்பைத் திருத்துக. தலைவரிடத்தில் இருந்தால் தயங்காமல் அவரை மாற்றுக.

பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், இடித்துச் சொல்வாரின் தேவையை வள்ளுவர் அரசனுக்கே வற்புறுத்தினார். முடிவேந்தனுக்கே அது வேண்டுமெனின், நாமே தேர்ந்த தலைவருக்கு வேண்டாவா? வினாவெழுப்பும் தொண்டனைப் பகைவன் எனத் தள்ளும் தலைவர், தேர்தலில் வென்றிருந்தாலும் மாற்றத்தக்கவரே. தோல்விக்குத் தாமே பொறுப்பேற்று, தொண்டர் முன் நின்று விடைகூறும் தலைவர், தோற்றிருந்தாலும் காக்கத்தக்கவர்.

தோழர்களே! அடுத்த கூட்டத்தில் தலைவரை வாழ்த்தக் கை தூக்குமுன், ஒரு வினா எழுப்பக் கை தூக்குங்கள்.