பஸ்ஸுக்கு முன்னாடி ரெண்டு சைக்கிள்

பெங்களூருல 2020, 2021 வாக்கில் பி.எம்.டி.சி. சில பஸ்களின் முன்பக்கம் சைக்கிள் ரேக் மாட்டியது. ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு சைக்கிள். இதை நம்ம ஆரப்பாளையத்துக்குக் கொண்டு வரலாமா?

செக்கானூரணியைத் தாண்டி உள்ளடங்கின ஒரு கிராமம்னு வைங்க. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிள் வீட்டுல இருக்கு. 2021 மே முதல் டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆனா சைக்கிள் மெயின் ரோட்டோட நின்னுடுது. ஆரப்பாளையத்துல இறங்கினா காலேஜுக்கு ஷேர் ஆட்டோ. தினமும் போற பொண்ணுக்கு அந்தக் காசு பெருசு.

ரேக் இருந்தா தீருமா? நம்ம ஊர் சைக்கிள் கிட்டத்தட்ட 20 கிலோ. பின்னாடி வண்டிங்க ஹாரன் அடிக்க, அதை பம்பர் உயரத்துக்குத் தூக்கணும். கண்டக்டர் ஒரு கை பிடிச்சாலும், இடம் ரெண்டுதான். மூணாவது ஆள் அடுத்த பஸ்ஸுக்கு நிக்கணும். அதுவும் நிரம்பியிருந்தா? முதல் பீரியட் போச்சு.

அதனால, கூட்டம் குறைவான முதல் டிரிப்பிலும் கடைசி டிரிப்பிலும் ரேக்கைச் சோதிக்கலாம். பீக் நேரத்துக்கு வேண்டியது செக்கானூரணியில கூரையும் காவலும் உள்ள சைக்கிள் ஸ்டாண்ட், ஆரப்பாளையத்துல குறைஞ்ச வாடகை சைக்கிள்.

நீங்க சைக்கிளை எங்க விட்டுட்டு பஸ் ஏறுறீங்க? எழுதி அனுப்புங்க.