உழைத்த கைகளுக்கு உரிய காசு
(ஹேவாஹெட்ட பகுதித் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐந்து மாத இடைவெளியில் நம்மை விட்டுப் போன தாத்தாவையும் பாட்டியையும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். எல்லா லயத்திலும் இப்படி ஒரு சோடி இருப்பதால் பெயர் இல்லாமலே உங்களுக்குப் புரியும்.

தாத்தா கவ்வாத்துக்காரர். பாட்டி 31 வருடம் கொழுந்துக் கூடை சுமந்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பங்களில் பிறந்தவர்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின் தாத்தாவின் அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. இவர்கள் இங்கேயே நின்றார்கள். பேர் வெட்டிய பிறகும் சும்மா இருக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கோவாவும் போட்டு, ஒரு மாடும் வளர்த்தார்கள்.

தாத்தாவுக்குச் சேமலாப நிதி கிடைக்கவில்லை. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். திருத்தக் கொடுத்த கடிதங்கள் போய் வந்துகொண்டிருக்கும்போதே அவர் கண்ணை மூடினார். வாரிசுப் பெயரும் எழுதி வைக்கவில்லை. பாட்டி முட்டி வலியோடு பஸ் ஏறி மூன்று முறை கண்டிக்குப் போனார். நான்காவது முறை போக அவருக்கு உயிர் இல்லை.

தோழர்களே, அது யாரும் போடும் பிச்சை அல்ல. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் 12 வீதம் சேர்த்துக் கட்டிய காசு. சேவைக்காலப் பணம் வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். பாட்டியின் 31 வருடத்துக்கு 434 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தொழிலாளி இறந்தாலும் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டும்.

பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் துரை 1892இல் இறந்தார். அவர் உடலைத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கண்டி மகியாவ வரை சுமந்தவர்கள் நம் ஆட்கள். துரைக்குக் கல்லறையில் பெயர் உண்டு. சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் 1940இல் முல்லோயாவில் பொலிஸ் சுட்டுக் கொன்ற கோவிந்தனின் பெயர் தெரியும். சங்கம் அதை மறக்க விடவில்லை. அதே சங்கம்தான் செக்ரோலில் உள்ள நம் பெயரையும் காக்க வேண்டும்.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, செக்ரோல் மூன்றிலும் பெயர் ஒன்றுதானா என்று இந்த மாதமே பாருங்கள். வேலையில் இருக்கும்போதே திருத்துவது லேசு. சேமலாப நிதிக்கு வாரிசுப் பெயர் எழுதிக் கொடுங்கள். 30 நாள் தாண்டியும் சேவைக்காலப் பணம் வராவிட்டால் உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதுவோம்.

ஞாயிறு காலையில் பள்ளிக்கூட மண்டபத்தில் இருப்பேன். கடதாசிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். வாசிக்கத் தெரியாது என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். என்னோடு பெரிய வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்கள் வாசித்துச் சொல்வார்கள். அந்தப் பாட்டியின் பிள்ளைகள்தான் முதல் ஆளாக வருகிறார்கள். அவர்களுடைய விண்ணப்பத்தை அன்றே எழுதி முடிப்போம்.