ஊற்றுக்கண்ணிலே தடுப்போம்



சிங்கப்பூரில் தேக்காவுக்குப் போகும்போது ரோச்சோர் கால்வாயைப் பார்க்கிறோம். அது காலாங் படுகையில் சேர்கிறது. 1977 முதல் 1987 வரை அப்படுகையைத் துப்புரவு செய்தவர்கள் குப்பையை அள்ளியதோடு நிற்கவில்லை. கழிவு புறப்பட்ட பன்றிப் பண்ணைகளை மூடினார்கள், தெருக்கடைகளைக் கட்டடங்களுக்கு மாற்றினார்கள்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சுக்கும் இதுவே வழி. நம் தோட்டத்துக்கு வரும் பாஸ்பேட் உரம் பாறையிலிருந்து கிடைப்பது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் அப்பாறையை வெட்டியபோது ஒதுக்கிய கற்குவியல்களில் செலீனியம் என்னும் தாதுப்பொருள் இருந்தது. சிறிதளவு செலீனியம் உடலுக்குத் தேவை, மிகுந்தால் நஞ்சு. மழைநீர் அதைக் கரைத்து ஓடையிலும் புல்லிலும் சேர்த்தது. 1996இல் அங்கே மேய்ந்த குதிரைகள் நோயுற்றன. பின்னர் ஆடுகள் நூற்றுக்கணக்கில் மாண்டன.

ஓடை நீரைச் சுத்திகரிப்பது அவசியமே. ஆனால் குவியலுக்குள் மழை புகாதபடி மேலே மூடினால்தான் நஞ்சு ஊறி வருவது குறையும்.

உரமும் குடிநீரில் கலந்தால் கேடே. ஆகவே உரச் சாக்குகளைப் பிள்ளைகள் குளிக்கும் ஓடையில் அலசாதிருப்போம். கலந்தபின் பிரிப்பது கடினம். கலக்காமல் காப்பது நம் கையில் இருக்கிறது.